ஐப்பசிக்கு முன் முடிக்க வேண்டியவை: வளவில் பழமரம், வீட்டில் பண்டம்

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் எழுதப்படும். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. களுவாஞ்சிகுடிக்கு அருகே அம்மாவின் வளவில் பிரித்துத் தந்த 18 பேர்ச் மணல் தரை, ஒரு கிணறு, நான்கு தென்னை. வந்து சேர்ந்த உற்சாகத்தில், அந்த வைகாசியிலேயே இரண்டு ஒட்டு மாங்கன்றும் ஒரு தோடையும் நட்டேன். தென்மேல் பருவமழையோடு நடுவது நல்லது என்று எங்கோ வாசித்திருந்தேன். அது ஈரவலயத்து ஊர்களுக்கு எழுதிய அறிவுரை. இங்கே வைகாசியில் வருவது மழையல்ல, மேற்கிலிருந்து வறட்டும் கச்சான் காற்று. இலை ஓரங்கள் கருகின, குருத்து வாடியது, ஆடி முடிவதற்குள் மூன்று கன்றும் காய்ந்த குச்சியாகிவிட்டன.

புதிதாக வளவு கிடைத்தவர்களும், நெடுநாள் வெளியூரில் இருந்துவிட்டு வீடு திரும்பியவர்களும் என்னிடம் கேட்கும்போது நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோரத்திலும் ஆண்டு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஐப்பசி நடுவில் தொடங்கித் தை வரை மழை. ஆண்டு மழையின் பெரும்பங்கு அந்த மூன்று நான்கு மாதங்களில் கொட்டிவிடும். மிச்சமெல்லாம் வெயில், அதில் பாதி கச்சான். மரம் மழையின் தொடக்கத்தில் நடப்பட வேண்டும். பண்டம் வெயிலில் காய்ந்து மழைக்கு முன் மூடப்பட வேண்டும். ஆகவே இரண்டு வேலைக்கும் ஒரே கெடுதான்: ஐப்பசி.

தண்ணீரைச் சுவைத்துவிட்டுக் கன்று வாங்குங்கள்

எந்த மரம் என்று தீர்மானிக்கும் முன் ஆவணிக் கடைசியில் உங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். ஆண்டிலேயே நீர்மட்டம் மிகவும் கீழே இறங்கியிருக்கும் காலம் அது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் எழுவான்கரை ஊர்களில் நிலத்தடியில் நன்னீர் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மோட்டார் போட்டு அதிகமாக இறைத்தால் அடியிலிருக்கும் உவர் மேலே வந்துவிடும். தண்ணீர் கரித்தால் மாவும் தேசியும் தோடையும் உங்களுக்குத் தலைவலிதான். அவை உப்புக்கு அஞ்சும் மரங்கள். தென்னை, சப்போட்டா இரண்டும் நன்றாகத் தாங்கும். மாதுளையும் கொய்யாவும் ஓரளவு தாங்கும். தண்ணீர் இனித்தால் எதையும் நடலாம்.

இரண்டாவதாக, சென்ற மார்கழியில் வளவில் எங்கே தண்ணீர் நின்றது என்று அயலவரிடம் கேளுங்கள். பப்பாசி இரண்டு நாள் தண்ணீரில் நின்றால் வேர் அழுகிச் செத்துவிடும். தேசியும் ஈரக்கால் தாங்காது. பள்ளமான இடத்தில்தான் நட வேண்டும் என்றால் குழி வெட்டாமல், ஒன்றரை முதல் இரண்டு அடி உயரத்தில் மேடு கட்டி அதன் மேல் நடுங்கள்.

20 பேர்ச் என்பது ஏறத்தாழ 500 சதுர மீற்றர். வீடு, கிணறு, முற்றம் போக மிஞ்சுவது பாதிதான். ஒட்டு மாவுக்கே முப்பது அடி இடைவெளி சொல்வார்கள். ஆண்டுதோறும் கொப்பு வெட்டி அடக்கி வைத்தால் இருபது அடியில் வளர்க்கலாம். எனவே ஒரு மா, ஒரு பலா அல்லது ஈரப்பலா, இரண்டு தேசி, ஒரு மாதுளை, வேலியோரம் முருங்கை, பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு வாழைக் கூட்டம், நடுவில் மூன்று பப்பாசி என்று வைத்தால் போதும். ஆசைக்கு இருபது கன்று வாங்கி நெருக்கி நட்டவர்களின் வளவுகளை நான் பார்த்திருக்கிறேன். எட்டாவது வருடம் நிழல் மட்டுமே இருக்கும், காய் இருக்காது.

வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வெல்லாவெளி, உன்னிச்சைப் பக்கங்களில் யானை வரும் ஊர்களில் வாழையையும் பலாவையும் வீட்டுச் சுவரை ஒட்டி நடாதீர்கள். படுக்கையறையில் நெல் மூட்டை அடுக்காதீர்கள். பழுத்த வாசத்துக்கும் நெல் வாசத்துக்கும் யானை சுவரையே இடித்துவிடும். அந்த ஊர்களில் தேசி, தோடை போன்ற புளிப்பு மரங்களை முன்னுக்கு வைப்பது நல்லது. யானை அவற்றை அவ்வளவாக நாடுவதில்லை.

குழியும் பொச்சும்

குழியைப் புரட்டாதியிலேயே வெட்டி வையுங்கள். மாவுக்கும் பலாவுக்கும் நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்று அடி. தேசி, மாதுளை, கொய்யாவுக்கு இரண்டு அடி. மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் போடுங்கள்.

மணல் நிலத்தில் எரு எவ்வளவு போட்டாலும் முதல் மழை அதைக் கழுவி அடியில் இறக்கிவிடும். இதற்கு எங்கள் பாட்டிமார் கண்ட வழி பொச்சு, அதாவது தேங்காயின் நார் மட்டை. குழியின் அடியில் தேங்காய்ப் பொச்சுகளைக் குழிவு மேல்நோக்க நெருக்கி அடுக்குங்கள். அதன் மேல் மண் தூவி இன்னொரு அடுக்கு. ஒவ்வொரு பொச்சும் ஒரு சிறு கிண்ணம் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மெல்ல உக்கி மண்ணோடு சேரும். பிறகு மேல்மண்ணோடு நன்றாக உக்கிய மாட்டெருவோ ஆட்டெருவோ சரிபாதி கலந்து, தரைமட்டத்துக்கு அரை அடி மேலே நிற்கும்படி நிரப்புங்கள். ஒரு மாதத்தில் அது தானாக இறங்கிச் சமமாகிவிடும். பச்சை எருவைப் போட்டால் அதன் சூட்டில் வேர் வெந்துவிடும், கறையானும் தேடி வரும்.

ஐப்பசியில் இரண்டு மூன்று நல்ல மழை பெய்து மண் ஒரு முழத்துக்கு நனைந்த பிறகு நடுங்கள். பொலித்தீன் பையைக் கிழித்து எடுத்து, அடியில் சுருண்டிருக்கும் வேரைக் கத்தியால் வெட்டிவிடுங்கள். அப்படியே விட்டால் மரம் பெரிதான பிறகும் அந்தச் சுருளே அதன் கழுத்தை நெரிக்கும். ஒட்டுப் போட்ட இடம் தரையிலிருந்து நான்கு விரல் மேலே நிற்க வேண்டும். அந்த ஒட்டில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை அவிழ்க்க மறந்துவிடுகிறார்கள். அதை மறக்காமல் நீக்கிவிடுங்கள். ஒட்டுக்குக் கீழே வெடிக்கும் சிம்புகளைக் கண்டவுடன் கிள்ளிவிடுங்கள். அது அடிமரத்தின் கிளை. விட்டுவைத்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கொழும்பான் மா ஒடுங்கிப்போய், பெயர் தெரியாத நார் மாங்காய்தான் மிஞ்சும்.

பலாவை மட்டும் விதையாக அதே இடத்தில் ஊன்றுவதை நான் விரும்புகிறேன். ஆணிவேர் கலையாமல் இறங்கினால் கோடையில் அது தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும். பப்பாசியைக் குழிக்கு மூன்று கன்றாக நட்டு, பூத்த பிறகு ஆண் மரத்தை எடுத்துவிட்டு ஒன்றை நிறுத்துங்கள்.

முதல் இரண்டு கோடை

நட்ட கன்று மழையில் சாகாது. சாவது மாசிக்குப் பிறகுதான். அந்த முதல் கோடையைக் கடத்துவதற்கு எனக்கு உதவியது ஒரு பழைய மண்பானை. மெருகிடாத சிறு பானையைக் கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பிச் சிரட்டையால் மூடிவிடுங்கள். பானையின் சுவர் வழியே ஈரம் கசிந்துகொண்டே இருக்கும், வேர் அதை நோக்கி வரும். மேலே ஊற்றும் தண்ணீர் மணலில் நின்று பார்ப்பதற்குள் மறைந்துவிடுகிறது. இப்படிக் கொடுத்தால் வீணாவதில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினேன். இரண்டாவது தடவை நட்ட கன்றுகள் பிழைத்தது இதனால்தான்.

கச்சான் வரும் மேற்குப் பக்கத்தில் கன்றுக்கு ஒரு கிடுகை மறைப்பாகக் கட்டுங்கள். அடியில் சருகு, உமி, உலர்ந்த வைக்கோல், எது கிடைத்தாலும் ஒரு சாண் தடிப்பில் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் நான்கு விரல் இடம் விடுங்கள். ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) கிடைக்கும் இடத்தில் இருப்பவர்கள் அதை அள்ளி வந்து நன்றாகக் காயவைத்துப் போடலாம். காலையில் முற்றம் கூட்டி, சருகைக் குவித்து நெருப்பு வைப்பது நம் ஊர்ப் பழக்கம். நான் கெஞ்சிக் கேட்கிறேன், அதை நிறுத்துங்கள். மணலுக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய மலிவான உணவு அந்தச் சருகுதான்.

ஒட்டு மா அடுத்த வருடமே பூக்கும். மனம் வராது, ஆனாலும் முதல் இரண்டு வருடப் பூவையும் கிள்ளிவிடுங்கள். மரம் முதலில் உடம்பைக் கட்டட்டும்.

காய்க்கத் தொடங்கிய பிறகு

மா தை, மாசியில் பூத்து வைகாசி தொடங்கி ஆடி வரை தரும். காய் பறித்து முடிந்ததும், ஆவணியில், உள்நோக்கிச் செல்லும் கொப்பு, ஒன்றோடொன்று உரசும் கொப்பு, காய்ந்த கொப்பு ஆகியவற்றை வெட்டி நடுவில் வெளிச்சம் விழச் செய்யுங்கள். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியைப் பார்த்த எங்கள் மூத்தவர்கள், மழைக்கு முன் மரத்தின் பாரத்தைக் குறைக்காமல் விடமாட்டார்கள். கூரைக்கு மேல் சாய்ந்த கொப்பையும் முருங்கையின் உயரத்தையும் புரட்டாதிக்குள் வெட்டிவிட வேண்டும். முருங்கை காற்றுக்குச் சடாரென முறியும். வெட்டிய இடத்தில் அது பிறகு நன்றாகவே துளிர்க்கும்.

பழ ஈதான் பெரிய எதிரி. பழத்தின் தோலில் துளையிட்டு முட்டை வைக்கும், உள்ளே புழு நெளியும். மருந்தடிக்க வேண்டாம். விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்குங்கள். கறுப்புப் பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் சில நாள் விட்டால் புழு வெந்துவிடும். இல்லையேல் இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள். மரத்தடியில் அப்படியே கிடக்கவிட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாக மறுபடி ஏறிவரும். காய் தேசிக்காய் அளவு வந்ததும் பத்திரிகைக் கடதாசிப் பை கட்டுவது, பத்து இருபது காய்க்கு மேல் முடியாது என்றாலும், நல்ல காய்களைக் காப்பாற்றும். இந்த வேலையைத் தெருவில் எல்லா வீடும் செய்தால்தான் முழுப் பலன். அடுத்த வளவு அக்காவிடமும் பேசுங்கள்.

தேசியின் இளங்குருத்தில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் புழு, பிறகு பச்சையாகும். அது வண்ணத்துப்பூச்சியின் புழு. கன்று சிறிதாக இருக்கும்வரை கையால் எடுத்துவிடுங்கள். வளர்ந்த மரத்தில் நாலு இலை போனால் குறைவில்லை.

மாங்காயைக் காம்போடு பறித்து, காம்பு கீழ்நோக்க வைத்துப் பால் வடியவிட்டு, வைக்கோலில் அடுக்குங்கள். பால் பட்ட தோல் கறுத்து அழுகும்.

பண்டம்: நெல்லிலிருந்து தொடங்குங்கள்

பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் வருகிறது. ஆண்டில் நெல் மலிவாக இருப்பதும் அதன் பிறகு முழு வெயில் காத்திருப்பதும் அப்போதுதான். வயல் இல்லாதவர்கள் தெரிந்த வயல்காரரிடம் நேராகவே வாங்கிவிடலாம்.

கணக்கு எளிது. எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அரிசி. மழை மூன்று மாதத்துக்கு 90 கிலோ. நெல் குற்றினால் மூன்றில் இரண்டு பங்கு அரிசியாகும் என்று வைத்தால் 135 கிலோ நெல் வேண்டும். அதை நெல்லாகவே வையுங்கள். உமி என்பது இயற்கை போட்ட கவசம். தவிடு நீக்காத சிவப்பரிசியில் எண்ணெய் இருப்பதால் சில மாதங்களில் காறல் வாசம் வந்துவிடும். ஆகவே மாதத்துக்கு வேண்டியதை மட்டும் குற்றுவியுங்கள்.

எல்லாத் தவறுகளும் ஈரத்தில்தான் தொடங்குகின்றன. நெல்லைப் படங்கில் (தார்ப்பாயில்) இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் பரப்பி, மணிக்கொரு தடவை காலால் கிளறி, இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு வழி. பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் ‘டக்’ என்று உடைய வேண்டும். அடுத்தது உப்புச் சோதனை. சுத்தமான உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் ஒரு பிடி நெல்லும் ஒரு கரண்டி உலர்ந்த தூள் உப்பும் போட்டு நன்றாகக் குலுக்கி, சற்று நேரம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். ஒட்டாமல் உதிர்ந்தால் மூடலாம்.

ஆனால் சூட்டோடு மூடாதீர்கள். மாலையில் நிழலுக்கு எடுத்து ஆறவிட்டு, பனி இறங்கும் முன் பரலில் (பீப்பாயில்) கொட்டுங்கள். சூடான நெல்லை மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்தத் துளிகள் விழுந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். என் முதல் பரலில் மேல்படை முழுவதும் அப்படித்தான் போயிற்று.

பரல் இறப்பர் வளையத்தோடு இறுக மூடுவதாக இருக்க வேண்டும். முன்பு அதில் எண்ணெய், மருந்து, உரம் எதுவும் இருந்திருக்கக் கூடாது. விளிம்பு வரை நிரப்புங்கள். உள்ளே காற்று எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு விரைவாக வண்டும் அந்தும் மூச்சடைத்துச் சாகும். நூற்றைம்பது கிலோ கொள்ளும் ஒன்றைவிட, ஐம்பது கிலோ கொள்ளும் மூன்று நல்லவை. ஒன்றைத் திறந்து பாவிக்கும்போது மற்ற இரண்டும் மூடியே இருக்கும். சீமெந்துத் தரையில் நேராக வைக்காமல் பலகை மேல் வையுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். காய்ந்த வேப்பிலையோ நொச்சியிலையோ போடுவது பழைய வழக்கம், போடலாம். ஆனால் அதை நம்பி ஈர நெல்லை மூடிவிடாதீர்கள். களஞ்சியங்களில் வண்டுக்கு வைக்கும் மாத்திரையை வீட்டுக்குள் ஒருபோதும் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் வாயு பூட்டிய வீட்டில் ஆளையே கொன்றுவிடும்.

பயறு, கௌபி, உழுந்து மூன்றிலும் வண்டு வயலிலிருந்தே முட்டையாக வந்துவிடுகிறது. உச்சி வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, ஆறிய பின் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டுக் கையால் பிசறி, போத்தலில் அடையுங்கள். எண்ணெய்ப் படை முட்டையை மூச்சடைக்கச் செய்கிறது. சமைக்கும்போது கழுவினால் போய்விடும். கச்சான் (நிலக்கடலை), சோளம், கொப்பரை ஆகியவற்றில் பூஞ்சணம் கண்டால் துடைத்துவிட்டுத் தின்ன வேண்டாம். அந்த நஞ்சு வறுத்தாலும் அவித்தாலும் போகாது, ஈரலைக் கெடுக்கும். கோழிக்கும் போடாதீர்கள்.

மரத்திலிருந்து சாடிக்கு

தேசிக்காய் ஊறுகாய்தான் புதியவர்களுக்கு ஏற்ற முதல் வேலை. புளிப்பும் உப்பும் சேர்ந்திருப்பதால் பிழைப்பது அரிது. ஒரு கிலோ பழுத்த தேசிக்காய்க்குக் கால் கிலோ உப்பு. கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, அடி பிரியாமல் நான்காகக் கீறி, உப்பை அடைத்துச் சாடியில் போட்டு மூன்று நாள் குலுக்குங்கள். பிறகு பகலில் காய்களைச் சுளகில் வெயிலுக்கும் இரவில் திரும்ப அதே சாற்றுக்குள்ளும் மாற்றி மாற்றி வைத்தால், ஒரு வாரம் பத்து நாளில் சாறெல்லாம் உள்ளே ஏறித் தோல் மண்ணிறமாகிவிடும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். ஈரக் கரண்டி வேண்டவே வேண்டாம். இரண்டு வருடம் கிடந்தாலும் ருசி கூடுமே தவிரக் குறையாது.

மாங்காய் வற்றலுக்கும் அதே முறைதான். கீற்றாக வெட்டி, உப்புப் பிசறி ஓர் இரவு வைத்து, வளைத்தால் ஒடியும் பதம் வரும்வரை காயவிடுங்கள். பழப்புளியைக் கொட்டை நீக்கி உப்புத் தூவி உருண்டையாக்கி மண்சட்டியில் வைப்பார்கள். பலாக்கொட்டையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலுக்குள் புதைத்தால் மழை மாதங்களுக்குக் கறியாகும். முருங்கையிலையை நிழலில் காயவைத்து நொறுக்கிப் போத்தலில் அடைக்கலாம். தேங்காயைப் பொச்சோடு, தரை ஈரம் படாத நிழலில் வையுங்கள்.

ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்கிறேன். புளிப்பில்லாத பண்டங்களை, அதாவது அவித்த பலாக்காய், மரக்கறி, மீன், இறைச்சி ஆகியவற்றை, வீட்டில் சாதாரணமாகக் கொதிக்கவைத்துப் போத்தலில் அடைத்து மாதக்கணக்கில் வைக்கும் முறை இப்போது காணொளிகளில் பரவுகிறது. செய்யாதீர்கள். காற்றில்லாத போத்தலுக்குள், பொட்டுலிசம் என்னும் நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். அதன் விதை கொதிநீருக்குச் சாகாது, வாசத்திலும் நிறத்திலும் தெரியாமல் போகலாம். நமக்குக் கருவாடு இருக்கிறது, வற்றல் இருக்கிறது, ஊறுகாய் இருக்கிறது. அவையே போதும்.

மழை தொடங்கும் வாரம்

எல்லாச் சாடியிலும் பரலிலும் மூடிய மாதத்தை எழுதி ஒட்டுங்கள். வெள்ளம் புகும் வீடு என்றால், சென்ற முறை தண்ணீர் நின்ற கோட்டுக்கு இரண்டு அடி மேலே தட்டு அடித்து அதில் ஏற்றுங்கள். தீப்பெட்டி, உப்பு, சீனி, கருவாடு நான்கையும் தனித்தனியாக இறுக மூடுங்கள். கருவாட்டை அரிசிக்கு அருகில் வைக்காதீர்கள். வெள்ளநீர் பட்ட அரிசி, மா, பருப்பு எதையும் காயவைத்துப் பாவிக்க நினைக்க வேண்டாம்.

மழைக்குள் பரலைத் திறந்தால், வேண்டியதை அள்ளிக்கொண்டு உடனே மூடிவிடுங்கள். தைப்பொங்கல் கழிந்து முதல் மூன்று நாள் தொடர் வெயில் வந்ததும் மிச்ச நெல்லைப் படங்கில் கொட்டிப் பாருங்கள். வண்டு நடமாடினால் அன்றே காயப்போடுங்கள். அப்போது முற்றத்தில் மாங்கன்றின் பக்கத்தில் புதைத்த பானையைப் பார்த்து, கழுத்து உடையாமல் இருந்தால் முதல் தண்ணீரை ஊற்றிச் சிரட்டையால் மூடிவிடலாம்.